பச்சை மாங்காய்: வெயில் காலம் வந்தால் என்னிடம் கேட்கிற கேள்விகள்

நத்தம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மாமரங்கள் இருக்கின்றன. தோப்பு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனாலும் வெயில் ஏறியதும் சென்னை, கோவை, பெங்களூர் என்று எல்லாத் திசையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்கிவிடுவார்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் வாட்ஸப்பில் மறுபடி அதையே கேட்கிறார்கள். அதனால் மொத்தமாக ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்ட மாதிரியே இருக்கின்றன. உடம்பு சம்பந்தமான பதில்களைப் படிக்கும்போது நான் டாக்டர் இல்லை என்பதை மறந்துவிட வேண்டாம்.

மாங்காய் சீசன் எப்போ? மே மாசம் லீவுக்கு வந்தா கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் கடித்துத் தின்கிற காய்க்கு மே கொஞ்சம் தாமதம்தான். எங்கள் பக்கம் மார்கழி, தையில் மரம் பூக்கும். மாசியில் பிஞ்சு பிடிக்கும். மாசிக் கடைசியிலும் பங்குனியிலும் வடு. பங்குனிக் கடைசியிலிருந்து சித்திரை முழுக்கக் காய். வைகாசியில் செங்காய், அப்புறம் பழம். நீலம் மாதிரிப் பிந்தி வருகிற ரகம் ஆனி, ஆடி வரைக்கும் இழுக்கும். கன்னியாகுமரிப் பக்கம் கணக்கே வேறு. மற்ற ஊர்களில் சீசன் இல்லாத மாதங்களிலும் அங்கே சில மரங்கள் காய்க்கும்.

பருவம் மாறினால் ஒரே மரத்துக் காயின் ருசியும் மாறிவிடும். வடுவில் துவர்ப்பு தூக்கலாக இருக்கும். கொட்டைக்கு ஓடு கட்டியிருக்காது, கத்தி குறுக்கே தடையில்லாமல் இறங்கும். கொட்டை கெட்டிப்படத் தொடங்கும்போது புளிப்பு உச்சத்தில் இருக்கும். உப்பு மிளகாய்க்கு ஏற்ற காய் அதுதான். காம்பைச் சுற்றித் தோள் புடைத்து, காம்பு குழிக்குள் இறங்கினால் காய் முற்றிவிட்டது. உள்ளே இளமஞ்சள் ஓடியிருந்தால் அது செங்காய். புளிப்பும் இனிப்பும் சம பங்காக இருக்கும், பல்லுக்கும் சிரமம் இல்லை. பெரியவர்கள் பலருக்கு அதுதான் பிடிக்கும்.

இன்னொன்று. பல ரக மாமரங்கள் ஒரு வருஷம் அள்ளிக் கொடுத்தால் அடுத்த வருஷம் அடங்கிவிடும். டிக்கெட் போடுவதற்கு முன்னால் மரம் காய்த்திருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

பச்சையா திங்க எந்த மாங்காய் வாங்கணும்? கிளிமூக்குதானே பெஸ்ட்?

நகரத்தில் வாங்குகிறவர்களுக்கு ஆமாம், கிளிமூக்குதான். நீளமாக, நுனியில் மூக்கு வளைந்து இருக்கும். பெங்களூரா, கல்லாமை, தோத்தாபுரி என்றெல்லாம் சொல்வது இதைத்தான். புளிப்பு மிதம், சதை நறுக்கென்று இருக்கும், நார் குறைவு. கிருஷ்ணகிரி பக்கம் இது ஏராளமாக விளைகிறது. பழுத்ததில் பெரும்பகுதி மாங்கூழ் ஆலைகளுக்குப் போகிறது. பழமாகத் தின்ன எனக்கு இது சுமார்தான், காயாக இதை மிஞ்ச ஆள் குறைவு.

சுள்ளென்று புளிப்பு வேண்டுமென்றால் நாட்டுக் காய். கொட்டை போட்டுத் தானாக முளைத்த மரத்துக் காயை அப்படிச் சொல்வோம். சின்னதாக இருக்கும், நார் இருக்கும், மரத்துக்கு மரம் ருசி வேறு. ஊறுகாய்க்கும் மீன் குழம்புக்கும் இதுதான். நெத்திலிக் குழம்பில் கிளிமூக்கைப் போட்டுவிட்டு ‘புளிப்பே ஏறவில்லை’ என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ருமானி உருண்டையாக, தோல் மெலிதாக இருக்கும். செங்காயாகக் கிடைத்தால் விடாதீர்கள். மல்கோவா, இமாம் பசந்த் இரண்டையும் காயாகப் பறித்துத் தின்றால் வீட்டில் அடி விழும், விழவும் வேண்டும்.

உப்பு மிளகாய்த்தூள்தானே? வண்டிக்காரர்கிட்ட இருக்கிற ருசி வீட்டுல வர மாட்டேங்குதே?

வண்டிக்காரர் வெட்டுவதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். காயை உள்ளங்கையில் நிறுத்திப் பிடித்து, மேலிருந்து கீழே கொட்டை வரைக்கும் கத்தியை இறக்குவார், அடியில் அறுபடாமல் நிறுத்திவிடுவார். சுற்றி இப்படியே கீறி லேசாக அமுக்கினால் காய் பூ மாதிரி விரியும். ஒவ்வொரு இதழுக்கும் நடுவே மசாலாவைத் தேய்ப்பார். நாம் வீட்டில் துண்டு போட்டுத் தட்டில் பரப்பி மேலே தூவுகிறோம். அது மேல் பக்கத்தில் மட்டும் ஒட்டுகிறது.

அடுத்தது தூள். சாம்பார்ப் பொடி போடாதீர்கள், மல்லி வாசனை காயைக் கெடுத்துவிடும். வரமிளகாயை வெறும் சட்டியில் நெடி வரும் வரை வறுத்து, கல் உப்போடு சேர்த்துக் கொரகொரப்பாக இடித்துக்கொள்ளுங்கள். மிளகாயைவிட உப்பு கொஞ்சம் அதிகம் இருக்கட்டும். தடவிய உடனே வாயில் போடாமல் இரண்டு மூன்று நிமிஷம் விடுங்கள். உப்பு காயிலிருந்து தண்ணீரை இழுத்து, மிளகாயும் சேர்ந்து துண்டின் மேல் சிவப்பாகக் கசியும். ருசியே அந்தக் கசிவில்தான் இருக்கிறது. தட்டில் கடைசியாகத் தேங்குவதை விரலால் வழித்து நக்குவதற்கு எங்கள் வீட்டில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது.

பெரியம்மா, ஸ்கூலுக்குக் கத்தி கொண்டு போக முடியாதே, நீங்கல்லாம் எப்படித் தின்னீங்க?

வழிக்கா பஞ்சம்! கருங்கல் திண்ணையின் விளிம்பில் ஓங்கி ஒரு அடி அடித்தால் காய் மூன்று நான்கு சில்லாகத் தெறிக்கும். கதவு இடுக்கில் வைத்து மெதுவாகச் சாத்தினாலும் பிளந்துகொள்ளும். ஆனால் கதவில் கறை படியும், அப்புறம் வாத்தியார் கேட்பார். முளைக்குச்சியின் கூரில் குத்தி உடைப்பவர்களும் உண்டு.

பங்கு போடுவதற்குக் காக்காய்க் கடி. பாவாடை நுனியையோ சட்டை நுனியையோ காயின் மேல் போர்த்தி, துணியோடு சேர்த்துக் கடித்து உடைப்பது. எச்சில் படவில்லை என்பது எங்கள் சட்டம். துணியில் ஊறிய புளிப்பும் பழுப்புக் கறையும் வீட்டில் காட்டிக்கொடுத்துவிடும். மாங்காய்க் கறை சோப்புக்கு அவ்வளவு சீக்கிரம் போகாது.

உப்பு மிளகாய் நோட்டுத் தாள் மடிப்பில் வரும். காயைச் சில்லாக்கி ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்குப் பக்கத்தில் அடுக்கி, பாடம் நடக்கும்போதே குனிந்து ஒரு துண்டு. வாயில் போட்டுவிடலாம், கடிக்கிற சத்தத்தை என்ன செய்வது? கரும்பலகைப் பக்கம் வாத்தியார் திரும்பும் வரை அதக்கி வைத்திருக்க வேண்டும். பள்ளிக்கூட வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் ஆயாவிடம் மாங்காயோடு நெல்லிக்காய், கொடுக்காப்புளி, இலந்தைப்பழமும் இருக்கும். காசு இல்லாதவர்களுக்கு அவர் கீற்று ஒன்றைச் சும்மாவே நீட்டிய நாட்களும் உண்டு. மரம் ஏறினால் ஆண்பிள்ளைகளுக்கு விழுந்ததைப் போல இரண்டு மடங்கு திட்டு எங்களுக்கு விழும். ஏறாமல் இருந்தோம் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

மாங்காய் தின்னா வாய் ஓரத்துல வெந்து புண்ணாகுதே, ஏன்?

அது பால் செய்கிற வேலை. காம்பை ஒடித்ததும் பீய்ச்சிக்கொண்டு வருமே, அந்தப் பால். மாமரமும் முந்திரி மரமும் ஒரே தாவரக் குடும்பம். முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோவது ஊரறிந்த விஷயம். மாங்காய்ப் பாலிலும் தோலைத் தாக்குகிற அதே ரகப் பொருட்கள் இருக்கின்றன. காயின் தோலிலும் கொஞ்சம் உண்டு. சிலருக்கு உடனே எரியும். ஒவ்வாமை இருப்பவர்களுக்கு ஒன்றிரண்டு நாள் கழித்துத் தடிப்பும் அரிப்புமாக வரும். பால் பட்ட இடம் கறுத்துப்போவதும் இதனால்தான்.

பறித்ததும் காம்பை ஒடித்துக் காயைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். பெரும்பகுதிப் பால் அப்போதே வடிந்துவிடும். அப்புறம் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டுக் கழுவி, காம்புப் பக்கத்தை ஒரு வில்லை அறுத்து எறியுங்கள். காம்பை ஒடிக்கும்போது முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள், கண்ணில் தெறித்தால் பெரிய அவஸ்தை. இத்தனை செய்தும் உதடு வீங்கினால் உங்களுக்குத் தோல் ஆகவில்லை என்று பொருள். தோலைச் சீவிவிட்டுத் தின்று பாருங்கள். அப்படியும் வீங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ரெண்டு கீற்று தின்னதும் பல் கூசுது. சோறுகூட மெல்ல முடியல. என்ன பண்றது?

காயில் இருக்கும் சிட்ரிக் அமிலமும் மாலிக் அமிலமும் பல்லின் மேல்பூச்சைக் கொஞ்ச நேரத்துக்கு இளக்கிவிடுகின்றன. வெறும் தண்ணீரில் நன்றாக வாய் கொப்பளியுங்கள். எச்சில் ஊறி ஊறித் தானாகச் சரியாகும். புளிப்பு போகட்டும் என்று உடனே பிரஷ்ஷைத் தூக்காதீர்கள். இளகியிருக்கும் நேரத்தில் தேய்த்தால் பூச்சுதான் தேயும். அரை மணி நேரமாவது போகட்டும். சின்ன வயதில் ஒரே மூச்சில் ஐந்தாறு காய் தின்றோம், இப்போது முடியவில்லையே என்கிறீர்களா? ஈறு இறங்கியிருக்கும், மாங்காய்மேல் தப்பில்லை. செங்காய்க்கு மாறிக்கொள்ளுங்கள்.

மாங்காய் சூடுன்னு சொல்றாங்க. கட்டி வருமா?

எங்கள் அம்மாவும் இதைச் சொல்லித்தான் மிரட்டுவார். யோசித்துப் பாருங்கள்: மாங்காய் வருவது உச்சி வெயில் காலத்தில். வியர்வையில் வேர்க்குருவும் வேனல் கட்டியும் வருவதும் அதே காலத்தில். மாங்காயே தின்னாத பிள்ளைக்கும் கட்டி வரத்தான் செய்கிறது. இரண்டும் சேர்ந்து வருவதால் பழி காய்மேல் விழுகிறது என்பது என் எண்ணம். வாயைச் சுற்றி மட்டும் புண் என்றால் அது சூடு இல்லை, மேலே சொன்ன பால்.

ஆனால் அளவு மீறினால் வயிறு கேட்காது. வெறும் வயிற்றில் புளிப்பும் மிளகாயும் போனால் வயிற்றெரிச்சல், வயிற்றுவலி, சிலருக்கு வயிற்றுப்போக்கு. மதியச் சோற்றுக்கு அப்புறம் தின்றால் இந்த வம்பு குறைவு. அல்சர் இருப்பவர்கள் ஒதுங்கி இருப்பது நல்லது.

சின்னக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

கடித்து மெல்லத் தெரியாத வயதில் பச்சைத் துண்டு வேண்டாம், தொண்டையில் சிக்கும். பருப்பில் வேகவைத்தோ வெல்லம் போட்டுப் பச்சடியாகவோ கொடுங்கள். சித்திரை முதல் நாள் வேப்பம்பூ போட்டுச் செய்கிறோமே, அதில் வேப்பம்பூவைக் குறைத்தால் பிள்ளைகள் கிண்ணத்தை வழித்துவிடுவார்கள்.

அக்கா, மாசமா இருக்கேன். மாங்காய் மேலேயே நெனப்பா இருக்கு. தின்னலாமா?

மசக்கையில் புளிப்பு தேடுவது பரவலாக இருக்கிற ஆசைதான், வெட்கப்பட ஒன்றும் இல்லை. நன்றாகக் கழுவிய காயை வீட்டில் வெட்டி அளவாகத் தின்பதில் தப்பில்லை. கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, எப்போது வெட்டியது, எந்தத் தண்ணீரில் கழுவியது என்று தெரியாத தெருவோரத் துண்டுகள். இந்தச் சமயத்தில் அவை வேண்டவே வேண்டாம். இரண்டாவது உப்பு. ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, கால் வீங்கியிருக்கிறது என்றால் டாக்டரைக் கேட்காமல் மாவடு ஜாடிப் பக்கம் போகாதீர்கள். நெஞ்செரிச்சல் படுத்தினால் பச்சையாகத் தின்பதை விட்டுவிட்டுச் சாம்பாரில், பருப்பில் போட்டுக்கொள்ளுங்கள்.

சுகர் இருக்கிறவங்களுக்குப் பழத்தைவிடக் காய் நல்லதா?

பழத்தைவிடக் காயில் சர்க்கரை குறைவு, உண்மைதான். காயில் மாவுச்சத்தாக இருப்பதுதான் பழுக்கும்போது சர்க்கரையாகிறது. வைட்டமின் சி-யும் பழத்தைவிடக் காயில் அதிகம். ஆனால் மாவுச்சத்தும் உடம்புக்குள் போய்ச் சர்க்கரையாகத்தானே மாறும்? நாலைந்து கீற்றோடு நிறுத்துங்கள். பிபி இருப்பவர்களுக்குப் பிரச்சினை காயில் இல்லை, அதன்மேல் தடவுவதில் இருக்கிறது.

மதினி, நான் போடுற மாவடு மட்டும் ஏன் பூஞ்சை பூக்குது?

மூன்றில் ஒரு காரணம் இருக்கும்: ஈரம், உப்புக் குறைச்சல், அடிபட்ட வடு. எங்கள் பக்கம் அழகர்மலை வடுவுக்குப் பேர் அதிகம். எந்த ஊர் வடுவாக இருந்தாலும் கீழே விழுந்ததை எடுக்காதீர்கள். கையால் பறித்தது, காம்பு கொஞ்சம் ஒட்டியிருப்பது, அழுத்தினால் கல்லாக இருப்பது. இவைதான் தேறும். காம்பை முழுக்கக் கிள்ளிவிட்டால் அந்த வழியாக வடு சீக்கிரம் மசிந்துபோகும்.

ஒரு கிலோ வடுவுக்கு 200 கிராம் கல் உப்பு. கழுவித் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி, இரண்டு ஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டு எல்லாக் காயிலும் படும்படி புரட்டுங்கள். விளக்கெண்ணெய் என்றால் முகம் சுளிக்கிறார்கள். வடு சீக்கிரம் மெத்தென்று ஆகாமல் இருக்க அதுதான் எங்கள் வீட்டு வழக்கம், வாசனையும் தெரியாது. பீங்கான் ஜாடியில் உப்பும் மஞ்சள்தூளும் கலந்து போட்டுத் தினமும் ஒரு தடவை குலுக்குங்கள். மூன்று நான்கு நாளில் தண்ணீர் விட்டு வடு சுருங்கத் தொடங்கும். அந்தத் தண்ணீரையே கொஞ்சம் எடுத்து, 50 கிராம் வரமிளகாயும் 25 கிராம் கடுகும் அரைத்து ஜாடியில் கலந்துவிடுங்கள். வேறு தண்ணீர் ஒரு சொட்டுக்கூடச் சேரக்கூடாது. இரண்டு வாரம் பொறுத்தால் தயிர்சாதத்துக்கு ரெடி.

உப்புக் கம்மியாகப் போடுகிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள். கெடாமல் காப்பதே உப்புதான். உடம்புக்கு ஆகாது என்றால் ஒரு வடுவை மூன்று பேர் பங்கு போட்டுத் தின்னுங்கள்.

மாங்காய் இஞ்சி, மாங்காயா இஞ்சியா?

இரண்டும் இல்லை. மஞ்சளுக்கு நெருங்கிய சொந்தம், மாங்காய் வாசனை வருகிற ஒரு கிழங்கு.

காத்துல விழுந்த காயைத் தின்னலாமா?

அன்றைக்கு விழுந்தது, தோல் பிளக்காதது என்றால் தாராளமாக. கோடை மழைக்கு முன்னால் அடிக்கிற காற்றில் காய்கள் பொத்பொத்தென்று விழும். அதைப் பொறுக்கத்தான் பிள்ளைகள் இருட்டோடு எழுந்து ஓடுவார்கள். அடிபட்ட பக்கம் உள்ளே பழுப்பாகியிருக்கும், அதை மட்டும் அறுத்துவிடலாம். வெடித்துக் கிடந்தது, அணில் கடித்தது, எறும்பு மொய்த்தது, எப்போது விழுந்தது என்று தெரியாதது எல்லாம் மாட்டுத் தொட்டிக்கு. அணில் கடித்தது இனிக்கும் என்று தின்றவர்கள்தான் நாங்களும். இன்றைக்கு என் பேத்திக்கு அதைக் கொடுக்க மாட்டேன்.

வெளியில ஒரு ஓட்டைகூட இல்ல, கொட்டைக்குள்ள வண்டு இருந்துச்சு. எப்படிப் போச்சு?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். அது மாங்கொட்டை வண்டு. காய் பிஞ்சாக இருக்கும்போதே தாய் வண்டு தோலின் மேல் முட்டை வைத்துவிடுகிறது. பொரிந்த புழு மெல்லிய துளை போட்டுச் சதையைக் கடந்து, இன்னும் ஓடு கெட்டியாகாத கொட்டைக்குள் போய்விடும். வடுவில் கத்தி சுலபமாக இறங்கும் என்று முதல் பதிலில் சொன்னேனே, அந்தப் பருவத்தில். காய் வளர வளரத் துளை ஆறி மூடிக்கொள்ளும். வெளியே அடையாளமே இருக்காது. புழு பருப்பைத் தின்று உள்ளேயே வண்டாகிவிடும்.

சதையில் கெடுதல் தெரியாவிட்டால் அதைத் தின்பதால் ஒன்றும் ஆகாது. சதைக்குள்ளேயே வெள்ளைப் புழு நெளிந்தால் அது வேறு ஆள், பழ ஈயின் புழு. முற்றிய காயிலும் பழத்திலும் வரும். அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். இப்படிப் புழு விழுந்த காய்களை மரத்தடியில் அழுக விடாமல் குழி தோண்டிப் புதைத்தால் மரத்துக்கு நல்லது.

ஒரு மூட்டை கொடுத்து அனுப்பிட்டீங்க. மிச்சக் காய் பழுக்குமா?

முற்றியிருந்தால் பழுக்கும். தோள் புடைத்ததை வைக்கோலிலோ அரிசி டிரம்மிலோ காகிதம் சுற்றி வையுங்கள். முற்றாதது பழுக்காது, தோல் சுருங்கி ரப்பராகிவிடும். அவற்றை முதலிலேயே பிரித்து, நறுக்கி உப்புப் போட்டு வெயிலில் காயவைத்து வற்றலாக்குங்கள். ஐப்பசி மழையில் வற்றல் குழம்பு வைக்கும்போது என்னை நினைப்பீர்கள்.

சீக்கிரம் பழுக்கட்டும் என்று கடையில் கல் கேட்காதீர்கள். கால்சியம் கார்பைடு கல்லால் பழுக்கவைப்பது இந்தியாவில் 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தடை செய்யப்பட்டது. வியாபாரிகளுக்கு எத்திலீன் வாயுவை அளவோடு பயன்படுத்த அனுமதி உண்டு. வீட்டுக்கு அதுவும் தேவையில்லை. மூட்டைக்குள் ஒரு பழுத்த வாழைப்பழத்தைப் போட்டு வைத்தால் அதிலிருந்து வருகிற எத்திலீனே போதும்.

நாங்க வெளிநாட்டுல இருக்கோம். அங்க என்ன வாங்கித் தின்கிறது?

தென்கிழக்கு ஆசியா என்றால் கவலையே இல்லை. தாய்லாந்தில் மீன் சாறும் சர்க்கரையும் காய்ச்சிய குழம்பில் தோய்த்தும், பிலிப்பைன்ஸில் இறால் விழுதோடும் பச்சை மாங்காய் தின்கிறார்கள். சிங்கப்பூர், மலேசியாவில் ரோஜாக் என்கிற காய், பழக் கலவையிலும் அது உண்டு. கொழும்பில் காலிமுகத்திடலுக்குப் போனால் நம் ஊர் மாதிரியே உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தருவார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சூப்பர் மார்க்கெட்டில் கெட்டியாக இருக்கிறது என்று பச்சைத் தோல் மாம்பழத்தை வாங்காதீர்கள். சில ரகங்கள் பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும். இந்திய, தாய்க் கடைகளில் கேளுங்கள்.

திருட்டு மாங்காய்க்குத்தான் ருசி, இல்லையா?

ருசி இருந்தது. அதற்குக் காரணம் திருட்டு என்று சொல்கிறார்கள், காய் மரத்திலிருந்து இறங்கி அரை நிமிஷம்தான் ஆகியிருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். கவட்டையால் அடித்து விழுந்த காயைப் பாவாடையில் துடைத்து அங்கேயே கடித்தால் எந்தக் காயும் ருசிக்கும். சொந்த மரத்தில் பறித்து உடனே கடித்துப் பாருங்கள், அதே ருசிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘பணக்காரன் தோப்பு, நாலு காய் போனால் என்ன’ என்று பலர் கதை சொல்வார்கள். தோப்புகள் பெரும்பாலும் குத்தகைக்குப் போகின்றன. பூவைப் பார்த்தே விலை பேசிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, தத்துப்பூச்சி வந்தாலும் காற்று அடித்தாலும் நஷ்டத்தைத் தாங்குகிறவர் குத்தகைக்காரர். கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு ராத்திரியெல்லாம் காவல் கிடப்பவரும் அவர்தான். நாங்கள் ‘பூச்சாண்டி’ என்று பேர் வைத்துப் பயந்து ஓடியதும் அப்படி ஒரு மனிதரைப் பார்த்துத்தான். இன்றைக்குப் பிள்ளைகளைத் தோப்புக்குக் கூட்டிப்போனால் குத்தகைக்காரரிடம் கேளுங்கள். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை. துரட்டியைக்கூடக் கையில் கொடுப்பார்.

என்னதான் சொல்லுங்க, அந்தக் காலத்து ருசி இப்ப இல்லையே. உரம் போட்டுக் கெடுத்துட்டாங்களா?

வருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் இது. நீங்கள் அன்றைக்குத் தின்றது எது? பாட்டி வீட்டுக் கிணற்றடியில் நின்ற நாட்டு மரத்துக் காய். கொட்டை கெட்டிப்படுகிற பருவம், பறித்த கையோடு, கல் உப்பில் தொட்டு. இன்றைக்குத் தின்பது எது? முற்றிய கிளிமூக்கு, லாரியில் வந்து சந்தையில் கிடந்து ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் இருந்தது. ரகம் வேறு, பருவம் வேறு, பறித்துப் போன நேரம் வேறு. இதில் உரத்தை எங்கே கொண்டு வருவது?

வயதும் ஒரு காரணம்தான். அன்றைக்கு மதியம் முழுக்க ஓடி ஆடிய பசியும் கூட இருந்தது. அதை நான் திருப்பித் தர முடியாது. மற்றதைத் தரலாம். போன சித்திரையில் சென்னையிலிருந்து வந்த தங்கச்சி வீட்டுக்காரர் இதே புலம்பலோடு வந்தார். வாய்க்கால் ஓரத்து நாட்டு மரத்தில் ஒரு காயை அறுத்து, பாலை வடித்து, அம்மியில் இடித்த உப்பு மிளகாயோடு கையில் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தோளைக் குலுக்கி, ‘ஸ்ஸ்’ என்று இழுத்தார். அப்புறம் ருசியைப் பற்றிப் பேசவில்லை, இன்னொரு காய் கேட்டார்.

எங்க தாத்தா வீட்டை விக்கிறோம், மரத்தை வெட்டிருவாங்க. கொட்டையை எடுத்து வெச்சு நட்டா அதே ருசி வருமா?

பெரும்பாலும் வராது. நம் ஊர் மாமரங்களில் அதிகமானவை, கொட்டை போட்டால் தாய் மரத்தைப் போலவே பிறப்பதில்லை. வேறு மரத்து மகரந்தமும் கலந்திருப்பதால் பிள்ளை வேறு குணத்தோடு வரும். ஒரே கொட்டையில் பல முளை விட்டு, தாயின் குணத்தை அப்படியே கொண்டுவருகிற சில ரகங்களும் உண்டு. வெள்ளைக்கொழும்பான் அப்படி ஒன்று. உங்கள் தாத்தா வீட்டு மரம் எந்த ரகம் என்று தெரியாதபோது கொட்டையை நம்ப வேண்டாம். கொட்டை மரம் காய்க்கவும் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

வழி இருக்கிறது, ஒட்டுக் கட்டுவது. மரத்தில் மூன்று நான்கு மாத வயதுள்ள, பென்சில் கனமுள்ள நுனிக் குச்சிகளைத் தேர்ந்தெடுங்கள். வெட்டுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் அவற்றின் இலைகளை மட்டும் காம்பை விட்டு நறுக்கிவிட்டால் நுனி மொட்டு பருத்து வரும். அப்போது வெட்டி, ஈரத் துணியில் சுற்றி, பாலிதீன் பைக்குள் வைத்து நர்சரிக்குக் கொண்டுபோங்கள். நாட்டுக் கன்றின் மேல் அவர்கள் ஒட்டுக் கட்டித் தருவார்கள். எல்லாக் குச்சியும் பிடிக்காது, அதனால் பத்துப் பதினைந்தாவது எடுத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஈரம் இருக்கிற மாதங்களில் நன்றாகப் பிடிக்கும். ஒட்டுக் கன்று மூன்று நான்கு வருஷத்திலேயே காய்க்கத் தொடங்கும்.

வீடு கைமாறுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். பத்திரம் பதிந்த பிறகு போய்க் குச்சி கேட்டால் புது வீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். உங்களுக்கு வைக்க இடம் இல்லை என்றால் ஒரு கன்றை இங்கே கொண்டு வாருங்கள், வாய்க்கால் பக்கம் இடம் இருக்கிறது.